மே ஐந்தும் நகர மன்றத்து முத்திரையும்

மே மாதம் பிறந்ததும் அமெரிக்க நகர மன்றங்கள் பலவற்றில் ஒரே காட்சி நடக்கிறது. சாலை விளக்கு, குப்பை, வரி என்று அன்றைய வேலைக்குப் போகும் முன் மேயர் எழுந்து ஒரு தாளைப் படிக்கிறார். மெக்சிகோ வம்சாவளி மக்கள் இந்நகருக்கு வளம் சேர்த்திருப்பதால், அவர்களின் இசையும் உணவும் உழைப்பும் நம் வாழ்வின் பகுதியாகிவிட்டதால், எனவே மே 5ஆம் நாளை ‘சிங்கோ டி மாயோ’ நாளாக இதன்மூலம் அறிவிக்கிறேன் என்று போகும் அந்த வாசகம். அடியில் நகரத்தின் முத்திரை. சமூகத் தலைவர்கள் நான்கைந்து பேர் மேடைக்கு வந்து தாளைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

சிங்கோ டி மாயோ என்றால் ஸ்பானிய மொழியில் மே ஐந்து, அவ்வளவுதான். அந்தத் தாளுக்குச் சட்ட வலு கிடையாது. அதனால் யாருக்கும் விடுமுறை கிடைக்காது, நகரத்தின் பணம் ஒரு காசும் நகராது. பெரும்பாலான நகரங்களில் இதற்கென்று ஒரு விண்ணப்பப் படிவமே இருக்கிறது. கேட்கிற அமைப்பு தானே வாசகத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். மேயர் அலுவலகம் திருத்திக் கையெழுத்திட்டுத் தரும். அதாவது ‘இருப்பதால், இருப்பதால்’ என்று அடுக்கிக்கொண்டு போகிற அந்தக் காரணங்கள் எவை என்பதை முதலில் தீர்மானிப்பவர்கள் அந்த மக்களே. அப்படியிருந்தும் ஆண்டுக்கு ஆண்டு வருபவை இசையும் உணவும்தான்.

இந்தத் தாளைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. நாமும் இதே தாளைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். 2021இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் ஏப்ரல் 14ஐ அண்ணல் அம்பேத்கர் பெயரில் சமத்துவ நாளாக அறிவித்தபோது அந்த முத்திரையை ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தோம். 2022இல் தமிழ்நாடு அரசு அதே நாளைச் ‘சமத்துவ நாள்’ ஆக்கியது. அரசு அலுவலகங்களில் எல்லோரும் நின்று உறுதிமொழி எடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. நாள் அறிவிக்கப்படுவதற்கும் தண்ணீர் சுத்தமாக இருப்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் மெக்சிகோ மக்களின் மே ஐந்தின் கதையை நாம் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாளில் எழுதப்படாமல் போன காரணங்கள் எவை?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடுவோம். மே ஐந்து மெக்சிகோவின் விடுதலை நாள் அல்ல. விடுதலை நாள் செப்டம்பர் 16. அது 1810ஆம் ஆண்டுக் கதை. மே ஐந்து 1862ஆம் ஆண்டு புவேப்லா நகரில் நடந்த ஒரு நாள் சண்டை.

அப்போது மெக்சிகோவின் குடியரசுத் தலைவர் பெனிட்டோ ஹுவாரெஸ். ஓக்சாகா மலையில் சபோடெக் பழங்குடியில் பிறந்தவர். சிறு வயதில் அவருக்கு ஸ்பானிய மொழியே தெரியாது. உள்நாட்டுப் போரில் கஜானா காலியாகியிருந்ததால், 1861 ஜூலையில் வெளிநாட்டுக் கடன்களுக்கான தவணையை இரண்டாண்டுகள் நிறுத்திவைத்தார். கடன்காரர்களான பிரிட்டன், ஸ்பெயின், பிரான்சு மூன்றும் கப்பல்களை அனுப்பின. மற்ற இரண்டும் பேச்சு நடத்தித் திரும்பிவிட, மூன்றாம் நெப்போலியனின் பிரான்சு மட்டும் நாட்டையே பிடிக்கும் எண்ணத்தில் உள்ளே நடந்தது. தளபதி லோரன்செ சண்டைக்குப் பத்து நாள் முன்பே பாரீசுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. இனத்தாலும் கட்டுப்பாட்டாலும் ஒழுக்கத்தாலும் நாம் இவர்களைவிட மிக உயர்ந்தவர்கள், ஆறாயிரம் பேருடன் நான் இப்போதே மெக்சிகோவின் எஜமானன் என்பது அதன் சாரம். பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் இந்தத் தொனியை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எஜமானன் புவேப்லாவின் லோரெட்டோ, குவாதலூப்பே என்ற இரு கோட்டைகளின் மேட்டில் மூன்று முறை ஏறப் பார்த்தார். மூன்று முறையும் கீழே தள்ளப்பட்டார். மாலையில் மழை பிடித்துக்கொள்ள, சேற்றில் பின்வாங்கினார். மேலே நின்றவர்கள் ஏறத்தாழ நாலாயிரம் பேர். தலைமை தாங்கிய இக்னாசியோ சரகோசாவுக்கு வயது 33. அவர் பிறந்த கோலியாத் என்ற ஊர் இன்று அமெரிக்காவின் டெக்சாசில் இருக்கிறது. அவர் பிறந்தபோது அது மெக்சிகோ.

அந்த மேட்டில் வடபுவேப்லா மலைகளிலிருந்து வந்த நஹுவா மக்களும் நின்றார்கள். அரிவாள் ஏந்திய இந்த மலைமக்களைத்தான் பாடநூல்களும் திருவிழா வேடங்களும் ‘சகபோவாஸ்ட்லா வீரர்கள்’ என்று கொண்டாடுகின்றன. இதில் ஒரு வேதனையான வேடிக்கை. அவர்களில் பெரும்பாலோர் சகபோவாஸ்ட்லா ஊர்க்காரர்களே அல்ல. டெட்டேலாவையும் ஷோச்சியாபுல்கோவையும் சேர்ந்தவர்கள். சகபோவாஸ்ட்லாவின் பெரிய மனிதர்களோ எதிர்முகாமான பழமைவாதிகளின் பக்கம் சாய்ந்திருந்தவர்கள். ஷோச்சியாபுல்கோ நஹுவாக்கள் அந்த ஊரின் நிலவுடைமையாளர்களுக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள். ஆனால் வரலாற்றில் பதிந்தது ஆண்டையின் ஊர்ப்பெயர்.

இந்த மலைமக்கள் போருக்குப் போனதற்கு நாட்டுப்பற்று மட்டும் காரணமல்ல. நிலமும் தன்னாட்சியும் அவர்களின் விலை. சகபோவாஸ்ட்லாவின் பிடியிலிருந்து பிரிந்து தங்களுக்கென்று தனி நகராட்சி வேண்டும் என்று கேட்டார்கள், போராடிப் பெற்றார்கள். இன்றும் ஷோச்சியாபுல்கோ நகராட்சியின் தலைமை ஊருக்கு ‘சிங்கோ டி மாயோ’ என்றே பெயர். மே ஐந்தைக் கொண்டாடும் உள்ளாட்சிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஊரை மறந்துவிடுகிறார்கள். இங்கே உள்ளாட்சி அந்த நாளுக்குச் சான்றிதழ் எழுதித் தரவில்லை. அந்த உள்ளாட்சி பிறந்ததே அந்தப் போர்களில் சிந்திய ரத்தத்தில்தான்.

வெற்றியை மிகைப்படுத்தவும் வேண்டாம். சரகோசா அதே ஆண்டு செப்டம்பரில் காய்ச்சலில் இறந்தார். அடுத்த ஆண்டு பிரெஞ்சுப் படை பெருகி வந்து புவேப்லாவையும் தலைநகரையும் பிடித்தது. மாக்சிமிலியன் என்ற ஐரோப்பிய இளவரசனைப் பேரரசனாக அமர்த்தியது. 1867இல்தான் அவன் கதை துப்பாக்கி முனையில் முடிந்தது. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஹுவாரெசின் முற்போக்குக் கட்சி 1856இல் கொண்டுவந்த நிலச்சட்டம் பழங்குடி ஊர்களின் பொது நிலங்களைத் தனியுடைமையாக உடைத்தது. தங்கள் நிலத்தைக் குறிவைத்த ஓர் அரசைக் காக்கவும் அந்த மக்கள் அரிவாள் ஏந்த வேண்டியிருந்தது. பீமா கோரேகானில் 1818இல் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற மகர் வீரர்கள் யாருக்காகச் சண்டையிட்டார்கள் என்று இன்று நம்மிடம் கேட்கிறவர்கள் இருக்கிறார்களே, அதே கேள்வியை இவர்களிடமும் கேட்கலாம். பதிலும் ஏறக்குறைய அதுவேதான். ஒடுக்கப்பட்டவனுக்குத் தன் கொடியின் கீழ் சண்டையிடும் வசதி அரிதாகவே வாய்த்திருக்கிறது. அந்த மகர்களையும் பிற்காலத்தில் ஆங்கிலேயர் படையில் சேர்க்காமல் வெளியே தள்ளினார்கள். 1927 ஜனவரி முதல் நாள் அண்ணல் அந்த நினைவுத்தூணுக்குப் போய் நின்றது இதையெல்லாம் அறிந்துகொண்டுதான்.

சரி, புவேப்லாவில் நடந்த சண்டைக்குக் கலிபோர்னியாவில் ஏன் விழா?

வரலாற்றாளர் டேவிட் ஹேயஸ்-பவுத்திஸ்தா அக்காலத்து ஸ்பானிய மொழிச் செய்தித்தாள்களைப் புரட்டி இதற்கு விடை கண்டார். புவேப்லா வெற்றிச் செய்தி சில வாரங்கள் கழித்துக் கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கப் பகுதிக்கு வந்து சேர்ந்தது. கொலம்பியா என்ற சுரங்க ஊரில் மெக்சிகோ தொழிலாளர்கள் வானத்தை நோக்கிச் சுட்டார்கள், வாணம் விட்டார்கள், பாடினார்கள், அங்கேயே நின்று பேச்சு நிகழ்த்தினார்கள். திருவிழாவின் தொடக்கம் அதுதான். அவர்கள் யார் என்று பாருங்கள். 1848 உடன்படிக்கையால் மெக்சிகோவின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போயிருந்தது. 1850இல் கலிபோர்னியா ‘அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்’ மீது மாதம் 20 டாலர் வரி விதித்தது. மெக்சிகோக்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சுரங்கங்களை விட்டுத் துரத்தப்பட்டார்கள். 1855இல் வந்த நாடோடிச் சட்டம் அவர்களைக் குறிக்கும் வசைச்சொல்லையே சட்ட வாசகத்தில் எழுதி வைத்திருந்தது. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்த நம் பாட்டன்மாருக்கு இது தெரிந்த கதை.

அந்த நேரத்தில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தென்மாநிலங்கள் அடிமை முறையைக் காக்கப் பிரிந்து போயிருந்தன. மெக்சிகோ 1829இலேயே அடிமை முறையை ஒழித்த நாடு. அந்த ஆணையைப் பிறப்பித்த விசென்டே குரேரோவின் உடலில் ஆப்பிரிக்க ரத்தமும் ஓடியது. மெக்சிகோவைப் பிடிக்க வந்த பிரெஞ்சுப் பேரரசும் அடிமைகளை வைத்திருந்த தென்மாநிலங்களும் ஒரே பகையின் இரண்டு முகங்கள் என்று கலிபோர்னிய மெக்சிகோ மக்கள் புரிந்துகொண்டார்கள். ஒருபுறம் வடக்கத்திப் படையில் சேர்ந்தார்கள். மறுபுறம் ஊருக்கு ஊர் ‘நாட்டுப்பற்றுக் குழுக்கள்’ அமைத்து, மாதச் சந்தா திரட்டி ஹுவாரெசின் அரசுக்கு அனுப்பினார்கள். லாஸ் ஏஞ்சலசில் பெண்கள் தனியாகவே ஒரு குழு நடத்தினார்கள். 1863 முதல் ஆண்டுதோறும் மே ஐந்தில் கூடிய கூட்டங்களில் அடிமை ஒழிப்பும் குடியரசும்தான் பேச்சு.

இதே போரின் சேதி நம் மண்ணுக்கும் எட்டியிருந்தது. 1873இல் மகாத்மா ஜோதிராவ் புலே ‘குலாம்கிரி’ நூலை, அடிமைகளை விடுவிக்கத் துணிந்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். பூனாவில் ஒரு மாலி வீட்டுப் பிள்ளையும் கலிபோர்னியச் சுரங்கத்தில் மெக்சிகோ கூலியும் ஒரே போரைப் பார்த்துத் தங்கள் விடுதலையைப் பற்றி யோசித்தார்கள் என்பது நமக்கு உவப்பான செய்தி. ஆனால் இன்றைய நகர மன்றத் தாள்களில் அடிமை ஒழிப்பு என்ற சொல்லைக் காண்பது அரிது. கூலிக்காரர்கள் காசு போட்டு நடத்திய விழா என்பதையும் காண்பது அரிது. அந்நாளில் அவர்கள் எந்த முத்திரைக்காகவும் காத்திருக்கவில்லை.

இனி உள்ளாட்சியின் கதைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டில் இந்த மக்களை நசுக்கிய கை பெரும்பாலும் வாஷிங்டனில் இருந்து வரவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்து வந்தது.

1931 பிப்ரவரி 26. லாஸ் ஏஞ்சலசில் ‘லா பிளசீட்டா’ பூங்கா. நகரம் பிறந்த இடம் அது, மெக்சிகோ மக்கள் ஓய்வாகக் கூடும் இடம். கூட்டரசின் குடிவரவு அதிகாரிகளும் போலீசும் வாசல்களை அடைத்து நானூறு பேர் வரை மடக்கினார்கள். தாள்களைக் காட்டச் சொன்னார்கள். பொருளாதாரப் பெருமந்தக் காலம். வேலை இல்லை, நிவாரணச் செலவு ஏறுகிறது. நிவாரணம் கொடுப்பதைவிட ரயில் டிக்கெட் மலிவு என்று லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகம் கணக்குப் போட்டது. தன் செலவில் ரயில் ஏற்பாடு செய்து குடும்பம் குடும்பமாக எல்லைக்கு அனுப்பியது. நாடு முழுவதும் இப்படி விரட்டப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதில் மதிப்பீடுகள் 4 லட்சத்தில் தொடங்கி 20 லட்சம் வரை போகின்றன. வரலாற்றாளர்கள் பால்டெராமா, ரோட்ரிகஸ் இருவரின் கணக்குப்படி அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். ஆவணங்களில் இதற்கு வைத்த பெயர் ‘தாயகம் அனுப்புதல்’. அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு மெக்சிகோ எப்படித் தாயகமாகும்?

பள்ளிகள் தனி. ஆரஞ்சு மாவட்டத்தில் மெக்சிகோ பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். கோன்சாலோ மெண்டெஸ், ஃபெலிசிட்டாஸ் மெண்டெஸ் தம்பதி வேறு சில பெற்றோருடன் வழக்குத் தொடுத்தபோது, பள்ளி நிர்வாகம் சொன்ன காரணங்களில் ஒன்று பிள்ளைகள் சுத்தமாக இல்லை என்பது. 1946இல் தீர்ப்பு பெற்றோர் பக்கம் வந்தது, அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் நிலைத்தது. கறுப்பின மக்களுக்குப் பள்ளிக் கதவைத் திறந்த புகழ்பெற்ற தீர்ப்பு 1954இல்தான் வந்தது. இது அதற்கும் முன்னோடி.

தண்ணீரும் தனி. சான் பெர்னார்டினோ நகராட்சிப் பூங்காவின் நீச்சல் குளத்தில் மெக்சிகோ வம்சாவளியினருக்கு இடம் இல்லை. நகராட்சி வரியில் கட்டிய குளம். அந்த வரியை அவர்களும் கட்டினார்கள். பத்திரிகையாசிரியர் இக்னாசியோ லோபெஸ் முதலியோர் மேயர் மீதும் நகர மன்றத்தார் மீதும் வழக்குப் போட்டார்கள். 1944இல் கூட்டரசு நீதிமன்றம் அவர்களை உள்ளே விடச் சொன்னது.

இங்கே நமக்கு மகாத் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. பொதுக் குளங்களைத் தீண்டத்தகாதோருக்குத் திறக்க வேண்டும் என்று 1923இல் பம்பாய் சட்ட மன்றம் தீர்மானித்தது. 1924இல் மகாத் நகராட்சியும் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. தாளில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஒருவரும் குளத்தில் இறங்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று புரட்சியாளர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்து போய் நீரைக் கையில் அள்ளிய பிறகுதான் அந்தத் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் அடி விழுந்தது. நகராட்சி என்ன செய்தது? தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு 1937 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒருவரும் பயன்படுத்தாத வரையில் உள்ளாட்சித் தீர்மானம் எவரையும் உறுத்துவதில்லை.

கலிபோர்னியாவின் கொரோனா ஊர் எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் பேர்போனது. பழம் பறித்தவர்களும் கட்டியவர்களும் மெக்சிகோ மக்கள். அவர்களின் குடியிருப்பு ஊரின் ஒரு பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்தது. சேரி என்று நாம் சொல்வதற்கு ஏறக்குறைய சமம். 1930களிலும் 40களிலும் அவர்கள் நடத்திய மே ஐந்து விழாவை ஹோசே அலமீயோ என்ற வரலாற்றாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஊர்வலம், அழகுராணித் தேர்வு, பேஸ்பால் ஆட்டம், நிதி வசூல் எல்லாம் உண்டு. வெளிப்பார்வைக்கு அது கேளிக்கைதான். விழாக் குழுவில் கணக்கு எழுதியவர்களும் மேடை ஏறியவர்களும் ஊர்ப் பெரிய மனிதர்களோடு பேரம் பேசக் கற்றுக்கொண்டார்கள். போர்க்காலத்தில் மெக்சிகோவின் நட்பு அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டதால் ஊராட்சியாளர்களும் வணிகர்களும் விழாவுக்கு வந்து கைகுலுக்கினார்கள். வந்தவர்களிடம் பாகுபாட்டைப் பற்றிப் பேச அந்த மேடை பயன்பட்டது. நம் ஊர்களில் அம்பேத்கர் பிறந்தநாள் விழாக் குழுவில் பந்தல் கட்டிப் பழகிய இளைஞர்கள்தாம் பின்னாளில் ஊராட்சித் தேர்தலில் நின்றார்கள் என்பதை எண்ணினால், இந்த விழாக்களைக் கேளிக்கை என்று ஒதுக்க மனம் வராது.

நகர மன்றத்துக்குள் ஆள் போனதும் இக்காலத்தில்தான். எட்வர்ட் ராய்பால் 1947இல் லாஸ் ஏஞ்சலஸ் நகர மன்றத் தேர்தலில் தோற்றார். தோல்விக்குப் பின் அவருடைய தோழர்கள் வீடு வீடாகப் போய் ஆயிரக்கணக்கில் வாக்காளர்களைப் பதிந்தார்கள். 1949இல் வென்றார். அந்த மன்றத்தில் ஒரு மெக்சிகோ அமெரிக்கர் உட்கார்வது 1880களுக்குப் பின் அதுவே முதல் முறை. தாள் வாசிக்கும் மன்றத்தில் நம் ஆள் இருக்கிறாரா என்ற கேள்வி தாளைவிடப் பெரியது. ராய்பாலின் தோழர்கள் அதை வாசற்படிகளில் நின்று கற்றார்கள்.

1960களில் ‘சிக்கானோ’ இயக்கம் எழுந்தது. சிக்கானோ என்பது அதுவரை மெக்சிகோ அமெரிக்கர்களிலேயே வசதியானவர்கள் ஏழைகளை ஏளனமாகச் சொல்லிவந்த சொல். ‘தலித்’ என்ற சொல்லை நாம் எடுத்துக்கொண்டதுபோல இளைஞர்கள் அதைத் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சலசில் ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். தங்கள் வரலாற்றைப் பாடத்தில் சேர் என்பது கோரிக்கைகளில் ஒன்று. இந்தத் தலைமுறைக்கு மே ஐந்து மிகவும் பிடித்துப்போனது. ஐரோப்பியப் படையைப் பழங்குடிகள் தோற்கடித்த நாள் அல்லவா! கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் இந்த நாளுக்கு இடம் கேட்டார்கள். நகர மன்றங்களையும் கேட்டார்கள். இன்றைய தாள்கள் பலவற்றின் வேர் இந்தக் கோரிக்கைகளில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தது பீர்.

1980களில் மதுபான நிறுவனங்களுக்கு ஒரு புதிய சந்தை தெரிந்தது. விழாவுக்கு ஆதரவு என்று பணம் கொட்டினார்கள், பதாகையில் பெயர் போட்டார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மே ஐந்து என்றால் பெரிய வைக்கோல் தொப்பியும் ஒட்டு மீசையும் வைத்துக்கொண்டு வெள்ளை இளைஞர்கள் குடித்துக் கூத்தடிக்கும் நாள் என்றாகிவிட்டது. நகர மன்றங்களுக்கும் இது வசதியாகப் போனது. உழைப்பாளிகளின் அரசியல் நாளை அங்கீகரிக்கத் தயங்கியவர்கள், வியாபாரம் பெருகும் நாளை அங்கீகரிக்கத் தயங்கவில்லை. இதை எதிர்த்து மெக்சிகோ சமூகத்துக்குள்ளேயே குரல் எழுந்தது. கலிபோர்னியாவில் ‘பெருமையுடன் சிங்கோ டி மாயோ’ என்ற கூட்டியக்கம் மது இல்லாத விழாக்களை நடத்திக்காட்டியது. நம் தலைவர்களின் பிறந்தநாள் பதாகைகளில் சாதிக் கட்சிக்காரர்களும் சாராய வியாபாரிகளும் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு, இந்த இயக்கத்தாரின் எரிச்சல் நன்றாகவே புரிகிறது.

தாளின் வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. 2005இல் கலிபோர்னியா சட்ட மன்றம் 1930களின் வெளியேற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2012இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகமும் மன்னிப்புக் கேட்டது. லா பிளசீட்டாவுக்கு அருகே நினைவுப் பலகை வைத்தார்கள். ரயில் ஏற்றி அனுப்பியவர்களே ஒப்புக்கொண்ட தாள் என்பதால் அதற்கு எடை உண்டு. இழப்பீடு பற்றி ஆராயக் குழு அமைக்கும் மசோதாவும் உடன் போனது. ஆளுநர் அதை மறுத்துவிட்டார். மன்னிப்புக்கு மசி மட்டுமே செலவு. இழப்பீட்டுக்குக் கஜானாவைத் திறக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் இந்த வேறுபாட்டைக் கண்முன் பார்த்தோம். ஏப்ரல் 14க்கான பிரகடனங்களை வெளிநாட்டு ஆதிக்க சாதி அமைப்புகள் பெரும்பாலும் பொருட்படுத்தவில்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டல் நகர மன்றம் தன் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தில் ‘சாதி’ என்ற சொல்லைச் சேர்த்தபோதுதான் அவர்கள் கொதித்தெழுந்தார்கள். அது வாசித்துவிட்டுச் சட்டம் போட்டு மாட்டும் தாள் அல்ல. அதைக் காட்டி வேலையிடத்திலும் வாடகை வீட்டிலும் வழக்குத் தொடுக்க முடியும். அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா ஆளுநர் அதைப் போன்ற மசோதாவில் கையெழுத்திட மறுத்தார். எந்தத் தாளுக்கு எதிர்ப்பு வருகிறது என்று கவனித்தாலே அதன் எடை தெரிந்துவிடும்.

அதற்காக விழாத் தாள் வீண் என்று சொல்லிவிட நாம் தயாரில்லை. வாசகத்தை எழுதித் தருபவர்கள் நாம்தானே. ‘இந்நகரத்தின் பள்ளிகள் எம் பிள்ளைகளைத் தனியே உட்கார வைத்திருந்ததால்’ என்று ஒரு வரி. ‘இம்மாவட்ட நிர்வாகம் தன் குடிமக்களை ரயில் ஏற்றி நாடு கடத்தியதால்’ என்று இன்னொரு வரி. மேயர் அலுவலகம் அடித்துவிடலாம். அடித்தால் அடித்த அந்த நகலே நமக்கு ஆவணம். அடிக்காமல் விட்டால், நகரத்தின் முத்திரையோடு மேயர் வாயால் அதை மன்றத்தில் வாசிக்க வேண்டும். வெளிநாட்டு நகரங்களில் ஏப்ரல் 14க்கு விண்ணப்பம் போடும் நம் தோழர்களும் அடுத்த முறை ‘மாபெரும் அறிஞர்’, ‘அரசியல் சட்டச் சிற்பி’ என்பதோடு நிறுத்தாமல், சாதி கப்பலேறி அந்த நகரத்துக்கும் வந்து சேர்ந்திருப்பதால் என்று ஒரு வரி எழுதிப் பார்க்க வேண்டும்.

பிலடெல்பியா நகரில் புவேப்லா மாநிலத்தின் சான் மாத்தேயோ ஒசோல்கோ என்ற மலையூரிலிருந்து வந்தவர்கள் நிறைய வாழ்கிறார்கள். போப்போகாட்டெபெட் எரிமலையின் சரிவில் இருக்கிற ஊர் அது. இங்கே பலருக்கு உணவகச் சமையற்கட்டில் வேலை. மே ஐந்தை ஒட்டித் தெற்கு பிலடெல்பியாவில் அவர்கள் ‘புவேப்லா கார்னிவல்’ நடத்துவது வழக்கம். சகபோவாஸ்ட்லா வீரர்களாகவும் பிரெஞ்சுச் சிப்பாய்களாகவும் வேடமிட்டு, முகமூடி அணிந்து, மேளத்தோடு தெருவில் ஆடிக்கொண்டு போவார்கள். 1862இன் சண்டையை உடலால் திரும்பச் சொல்லும் ஆட்டம் அது. அந்நகரம் குடியேறிகளுக்கு அடைக்கலம் தரும் நகரம் என்று தன்னை அறிவித்துக்கொண்ட ஒன்று. குடிவரவுக் கைதுகளுக்குத் தன் போலீசைத் துணைக்கு அனுப்புவதில்லை என்பது அதன் கொள்கை. இருந்தும் 2017இல் கார்னிவல் நடக்கவில்லை. 2025இலும் நடக்கவில்லை. அதே 2025இல் சிகாகோவின் மே ஐந்து ஊர்வலமும் நிறுத்தப்பட்டது. நகரங்கள் எதுவும் விழாவைத் தடை செய்யவில்லை. தெருவில் கூடினால் கூட்டரசின் குடிவரவு அதிகாரிகள் வந்து மடக்குவார்கள் என்று பயந்து விழாக் குழுவினரே நிறுத்தினார்கள்.